பேர்னின் எழுவரும் நீங்களும்: சுவிஸ் தமிழ் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பி தங்கைகளே,

சூரிச்சிலும் பேர்னிலும் பாசலிலும் லவுசானிலும் பிறந்து வளர்ந்து, பதினெட்டு வயதைக் கடந்து, சிவப்புக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

1926 இல், ஒக்ஸ்போர்ட்டில் படித்துத் திரும்பிய இளைஞர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, இலங்கைக்குச் சமஷ்டி ஆட்சியே பொருத்தம் என்று பேசினார். அதற்கு அவர் எடுத்துக்காட்டிய நாடு சுவிற்சர்லாந்து. சிறிய நாடு, வெவ்வேறு மொழி பேசுவோர், ஆனாலும் மாநிலம் ஒவ்வொன்றும் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்கிறது என்பது அவருடைய வாதம். அந்த இளைஞர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க. முப்பது ஆண்டுகள் கழித்து, 1956 இல், பிரதமராகித் தனிச் சிங்களச் சட்டத்தைக் கொண்டுவந்தவரும் அவரேதான். இடையில் 1949 டிசம்பரில் செல்வநாயகம் இலங்கைத் தமிழரசுக் கட்சியைத் தொடங்கி அதே சமஷ்டியைக் கேட்டார். 2002 டிசம்பரில் ஒஸ்லோவில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் சமஷ்டி அமைப்பை ஆராய்வதாக ஒப்புக்கொண்டார்கள். அதுவும் கைகூடவில்லை. உங்கள் தாத்தாமாரும் அப்பாமாரும் கேட்டுக் கிடைக்காமற்போன ஆட்சிமுறைக்குள்ளேயே நீங்கள் பிறந்திருக்கிறீர்கள். அது எப்படி இயங்குகிறது, அதில் உங்கள் இடம் என்ன என்பதைப் பேசத்தான் இந்த மடல்.

பள்ளிக்கூடத்தில் இதைப் படித்திருப்பீர்கள். 26 மாநிலங்கள், இரண்டு சபைகள், ஏழு அமைச்சர்கள் என்று சோதனைக்கு எழுதியும் இருப்பீர்கள். ஆனால் இந்த ஏற்பாடு எப்படி உருவானது என்ற கதை பாடப்புத்தகத்தில் சுருங்கிப் போய்விடுகிறது. எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது அந்தக் கதைதான்.

இந்த நாடு ஓர் உள்நாட்டுப் போரிலிருந்து எழுந்தது. 1847 நவம்பரில் கத்தோலிக்கப் பழைமைவாத மாநிலங்கள் ஏழின் தனிக் கூட்டணியும் ஏனைய மாநிலங்களின் படையும் மோதின. படைத்தலைவர் துய்ஃபூர் போரை ஒரு மாதத்துக்குள் முடித்தார். இறந்தவர்கள் ஏறத்தாழ நூறு பேர். மறு ஆண்டு, 1848 செப்டெம்பரில், புதிய அரசியலமைப்பு வந்தது. வென்றவர்கள் சுதந்திரவாதிகள். அவர்கள் தோற்ற மாநிலங்களை அழிக்கவில்லை. மக்கள்தொகைப்படி ஒரு சபை, மாநிலத்துக்கு இரண்டு பேர் (அரை மாநிலத்துக்கு ஒருவர்) வீதம் இன்னொரு சபை என்று அமைத்து, சிறிய கத்தோலிக்க மாநிலங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். ஆனால் ஆட்சிபீடத்தின் ஏழு ஆசனங்களையும் தாங்களே வைத்துக்கொண்டார்கள். தோற்றவர்களின் கட்சியிலிருந்து ஒருவர் அங்கே அமர 1891 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நாற்பத்து மூன்று ஆண்டுகள்!

அந்தக் கதவு 1891 இல் ஏன் திறந்தது என்பதைக் கவனியுங்கள். 1874 இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டபோது, நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தை எதிர்த்துக் கையொப்பம் சேர்த்து மக்கள் வாக்கெடுப்புக்கு இழுக்கும் உரிமை கிடைத்தது. கத்தோலிக்கப் பழைமைவாதிகள் அந்த உரிமையை இறுகப் பற்றிக்கொண்டார்கள். அரசு கொண்டுவந்த சட்டங்களை ஒன்றன் பின் ஒன்றாக வாக்கெடுப்பில் வீழ்த்தினார்கள். அவர்களை வெளியே வைத்துக்கொண்டு நாட்டை நடத்த முடியாது என்று பெரும்பான்மைக்குப் புரிந்தது. லுசேர்னைச் சேர்ந்த யோசெஃப் செம்ப் என்பவரைத் தெரிவு செய்து உள்ளே எடுத்தார்கள். நீங்கள் அன்றாடம் ஏறும் எஸ்பிபி தொடருந்து நிறுவனத்துக்கு அடிப்படையாக, தனியார் ரயில் பாதைகளை அரசுடைமையாக்கும் திட்டத்தை முன்னின்று நடத்தி, 1898 இல் மக்களின் ஒப்புதலைப் பெற்றவர் அதே செம்ப்தான்.

சமூக ஜனநாயகவாதிகளின் கதையும் இப்படியே. 1918 நவம்பரில் பொது வேலைநிறுத்தம் நடந்தபோது தொழிலாளருக்கு எதிராக இராணுவம் இறக்கப்பட்டது. அந்த வேலைநிறுத்தம் தொடர்பாகச் சிறைத்தண்டனை பெற்றவர்களில் ஒருவர் பத்திரிகையாசிரியர் ஏர்ன்ஸ்ட் நோப்ஸ். அதே ஆண்டு மக்கள் முன்மொழிவு ஒன்று வென்றதால், 1919 தேர்தலிலிருந்து தேசிய சபைக்கு விகிதாசார முறை வந்தது. சுதந்திரவாதிகளின் தனிப் பெரும்பான்மை அன்றோடு முடிந்தது. 1943 இல் அந்த நோப்ஸே எழுவரில் ஒருவரானார். 1959 இல் நான்கு பெரிய கட்சிகளும் 2-2-2-1 என்று ஆசனங்களைப் பங்கிட்டுக்கொண்டன. ‘மந்திர வாய்ப்பாடு’ என்று இங்கே அதைச் சொல்வார்கள். இன்று அதே 2-2-2-1 வேறு கட்சி வரிசையில் தொடர்கிறது.

பெருந்தன்மையால் யாரும் இங்கே அதிகாரத்தைப் பகிரவில்லை. வாக்கு என்ற கருவியைக் கையில் எடுத்தவர்களைத் தள்ளிவைக்க முடியாமற் போனது, அவ்வளவுதான். கருவி கையில் இல்லாதவர்களின் நிலை என்ன ஆனது என்பதற்குப் பெண்களின் வரலாறு இருக்கிறது. 1959 இல், அதே மந்திர வாய்ப்பாடு பிறந்த ஆண்டில், பெண்களுக்கு வாக்குரிமை கொடுக்கலாமா என்று ஆண்களிடம் கேட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள் மறுத்தார்கள். 1971 பெப்ரவரி 7 வரை கூட்டாட்சி மட்டத்தில் இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்கு இல்லை. இலங்கையில் எங்கள் பாட்டிமார் 1931 இலேயே வாக்களித்தவர்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். அப்பன்சல் இன்னர்ரோடன் மாநிலத்தில் 1990 இல் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் மாநில விவகாரங்களில் பெண்கள் வாக்களிக்க முடிந்தது. ஆனால் வாக்கு கைக்கு வந்தபின் நடந்ததையும் சொல்லவேண்டும். 1993 மார்ச்சில், சமூக ஜனநாயகக் கட்சி முன்னிறுத்திய கிறிஸ்டியான் புருன்னரை விட்டுவிட்டு நாடாளுமன்றம் ஓர் ஆணைத் தெரிவு செய்தது. பெண்கள் திரண்டு பேர்னுக்கு வந்தார்கள். தெரிவானவர் பதவியை ஏற்க மறுத்தார். ஒரு வாரத்துக்குள் ரூத் டிரைஃபுஸ் தெரிவானார். யூத சமூகத்திலிருந்து எழுவருள் ஒருவரான முதல் ஆள் அவர். 1999 இல் நாட்டின் முதல் பெண் சனாதிபதியும் அவரே.

இனி அந்த எழுவரைப் பற்றி. புண்டஸ்ராட் என்ற இந்த அமைச்சரவையில் 1848 முதல் இன்றுவரை ஏழு பேர்தான். நாட்டின் தலைவர் என்று தனி ஒருவர் இல்லை. ஏழு பேரும் சேர்ந்தே தலைமை. சனாதிபதி பதவி ஆண்டுக்கு ஒருவராக மாறி வருகிறது. அவர் மற்ற ஆறு பேருக்கு மேலதிகாரி அல்ல. கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், வெளிநாட்டு விருந்தினரை வரவேற்பார், தன் அமைச்சையும் வழக்கம்போல நடத்துவார். வெளிவிவகாரம், உள்துறை, நீதியும் காவலும், பாதுகாப்பு, நிதி, பொருளாதாரமும் கல்வியும், சுற்றாடல்-போக்குவரத்து-எரிசக்தி என்று ஏழு அமைச்சுகள். உங்கள் அப்பா அம்மாவின் வதிவிட அனுமதியைப் பற்றிய சட்டங்கள் நீதி அமைச்சிலும், அவர்களுடைய ஓய்வூதியமும் உங்கள் மருத்துவக் காப்புறுதியும் உள்துறையிலும் இருக்கின்றன. எந்த அமைச்சர் எந்தக் கட்சி என்று அறிந்துவைப்பது பொழுதுபோக்குக்கான தகவல் அல்ல.

வாரத்துக்கு ஒருமுறை, வழக்கமாகப் புதன்கிழமை, ஏழு பேரும் கூடுகிறார்கள். உள்ளே எவ்வளவு வாதாடினாலும் முடிவு எடுத்தபின் ஏழு பேரும் அதையே வெளியில் சொல்லவேண்டும். வலதுசாரிக் கட்சியிலிருந்து வந்தவர், தன் கட்சி எதிர்க்கும் திட்டத்துக்கு ஆதரவாக மேடையில் பேச நேரும். இடதுசாரிக்கும் அப்படியே. அதைப் பார்த்து ‘இவர்களுக்குக் கொள்கையே இல்லையா’ என்று உங்களில் சிலர் கேட்கிறீர்கள். கொழும்பிலும் சென்னையிலும் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்று பார்த்துப் பழகிய பெரியவர்களுக்கும் அது விளங்குவதில்லை. இங்கே எதிர்க்கட்சியின் வேலையைச் செய்வது மக்கள். நாடாளுமன்றத்தில் எழுவருக்கு எதிராக நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவர வழியில்லை. எழுவராலும் நாடாளுமன்றத்தைக் கலைக்க முடியாது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை, தேர்தல் முடிந்து வரும் டிசம்பரில், இரு சபைகளின் 246 பேரும் ஒன்றாகக் கூடி, இரகசிய வாக்கில் ஒவ்வோர் ஆசனமாகத் தெரிவு செய்கிறார்கள். பதவியில் இருப்பவர் மீண்டும் நின்றால் அநேகமாகத் தெரிவாகிவிடுவார். 1848 முதல் நான்கு பேர் மட்டுமே அப்படித் தோற்றிருக்கிறார்கள். நான்காமவர் கிறிஸ்டோஃப் பிளோக்கர், 2007 இல். நாட்டின் மிகப் பெரிய கட்சியின் பலம்மிக்க தலைவர் அவர். ‘நான்தான் கட்சி, என்னை யார் அசைப்பது’ என்று யாரும் இருந்துவிட முடியாத இடம் அது.

நாடாளுமன்றத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தேசிய சபையில் 200 பேர். சூரிச்சுக்கு 36 ஆசனம், ஊரி மாநிலத்துக்கு ஒன்று. மாநிலங்களின் சபையில் 46 பேர். அங்கே பதினைந்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் சூரிச்சுக்கும் இரண்டு, நாற்பதாயிரத்தைத் தொடாத ஊரிக்கும் இரண்டு. இரண்டு சபைகளுக்கும் சம அதிகாரம். இரண்டும் ஒரே வாசகத்தை ஏற்றால்தான் சட்டம். உறுப்பினர்களில் பெரும்பாலோருக்கு வேறு தொழிலும் உண்டு. ஆண்டுக்கு நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் மூன்று கிழமை.

உங்கள் கையில் இருக்கும் அதிகாரம் இதற்கு அப்பால் தொடங்குகிறது. நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் பிடிக்காவிட்டால், 100 நாட்களுக்குள் 50,000 கையொப்பம் சேர்த்து அதை மக்கள் முன் நிறுத்தலாம். அரசியலமைப்பையே மாற்றவேண்டும் என்றால் 18 மாதங்களுக்குள் 1,00,000 கையொப்பம். அரசியலமைப்பு மாற்றத்துக்கு மக்களின் பெரும்பான்மை மட்டும் போதாது, மாநிலங்களின் பெரும்பான்மையும் வேண்டும். 2020 நவம்பரில் இது கண்முன்னே நடந்தது. வெளிநாடுகளில் மனித உரிமையையும் சுற்றாடலையும் மீறும் சுவிஸ் நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் முன்மொழிவுக்கு 50.7 வீதம் பேர் ஆம் என்றார்கள். பெரும்பாலான மாநிலங்கள் இல்லை என்றன. முன்மொழிவு தோற்றது. அன்று பல இளையோர் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு எனக்கும் விளங்கும். ஆனால் எண்ணிக்கையில் சிறிய பிரதேசத்தின் சம்மதமில்லாமல் நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் கைவைக்கக்கூடாது என்ற பூட்டு இது. 1956 இல் இலங்கையில் இப்படி ஒரு பூட்டு இருந்திருந்தால் என்ற எண்ணம் வராமல் என்னால் இதைப் பார்க்க முடிவதில்லை. ஆகவே நான் இந்தப் பூட்டின் பக்கம் நிற்கிறேன்.

ஆனாலும் இந்தப் பூட்டு எல்லோரையும் காப்பதில்லை. மொழிக்கும் மாநிலத்துக்கும் இங்கே காவல் உண்டு. நிலப்பரப்பு இல்லாத சிறுபான்மைக்கு, அதாவது எங்களைப் போல நாடெங்கும் சிதறி வாழ்பவர்களுக்கு, அந்தக் காவல் மிக மெல்லியது. மக்கள் முன்மொழிவு என்ற உரிமை 1891 இல் வந்தது. அதன் வழியாக முதன்முதலில் வென்ற முன்மொழிவு, யூதர் தங்கள் முறைப்படி விலங்கறுப்பதைத் தடுத்த 1893 ஆம் ஆண்டு முன்மொழிவு. 2009 நவம்பரில் 57.5 வீத வாக்கோடு பள்ளிவாசல் மினாராக் கோபுரங்களுக்குத் தடை வந்தது. இன்னொரு நாளில் அது வேறு கோபுரமாகவும் இருக்கலாம். நீதிமன்றம் காப்பாற்றும் என்றும் இருந்துவிட முடியாது. கூட்டாட்சிச் சட்டம் ஒன்று அரசியலமைப்புக்கு முரணானது என்று தள்ளிவைக்கும் அதிகாரம் லவுசானில் உள்ள உச்ச நீதிமன்றத்துக்கு இல்லை. மக்கள் இறுதியாகச் சொன்னதை மாற்ற வேண்டுமானால் மறுபடி மக்களிடம்தான் போகவேண்டும்.

மாநிலமும் ஊராட்சியும் இதைவிட உங்களுக்கு நெருக்கமானவை. பள்ளிக்கூடம், மருத்துவமனை, காவல்துறை எல்லாம் மாநிலத்தின் கையில். வரியில் பெரும்பகுதி எவ்வளவு என்று முடிவு செய்வதும் மாநிலமும் ஊராட்சியுமே. பேர்ன் அரசுக்கு வருமான வரியும் பெறுமதி சேர் வரியும் அறவிட இருக்கும் உரிமைகூடக் காலவரையறைக்கு உட்பட்டது. இப்போதைய அனுமதி 2035 முடிவு வரை. அது மக்கள் 2018 இல் கொடுத்தது. வரி வாங்கவே தன் மக்களிடம் தவணை முறையில் அனுமதி கேட்கும் மத்திய அரசு உலகில் வேறு எங்கே இருக்கிறது!

குடியுரிமையும் ஊராட்சியில்தான் தொடங்குகிறது. ஊராட்சி, மாநிலம், கூட்டாட்சி என மூன்றும் ஏற்கவேண்டும். லுசேர்ன் மாநிலத்தின் எம்மன் என்ற ஊரில் விண்ணப்பதாரரின் விவரங்களை வீடு வீடாக அனுப்பி, வாக்குப் பெட்டியில் முடிவு செய்துவந்தார்கள். 2000 மார்ச்சில் அங்கே இத்தாலியரை மட்டும் ஏற்று, முன்னாள் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்தவர்களை நிராகரித்தார்கள். காரணம் சொல்லாமல் ஒருவரைப் பெட்டியில் நிராகரிப்பது அரசியலமைப்புக்கு மாறானது என்று 2003 இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அந்தப் பழைய முறையைத் திரும்பக் கொண்டுவர எடுத்த முயற்சியை 2008 ஜூனில் மக்களே பெரும் வித்தியாசத்தில் நிராகரித்தார்கள். 2017 பெப்ரவரியில் மூன்றாம் தலைமுறைக்கு இலகுவான குடியுரிமை வழி வேண்டும் என்று 60.4 வீதம் பேர் வாக்களித்தார்கள். இதே மக்கள்தான் 2014 பெப்ரவரியில் குடிவரவைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவை 50.3 வீதத்தில் ஏற்றவர்கள். இருபதாயிரத்துக்கும் குறைவான வாக்குகள் அன்று நாட்டின் திசையை மாற்றின. 2020 செப்டெம்பரில் போர்விமானம் வாங்கும் திட்டம் ஒன்பதாயிரத்துக்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் தப்பியது. இந்நாட்டில் வாழும் எங்கள் மக்கள் பல பத்தாயிரம் பேர். ‘என் ஒரு வாக்கால் என்ன ஆகும்’ என்று கேட்பவருக்கு இந்த எண்களையே விடையாகச் சொல்வேன்.

இந்நாட்டில் வாழ்பவர்களில் நால்வரில் ஒருவருக்கு மேல் குடியுரிமை இல்லாதவர்கள். நொய்ஷாத்தெல், யூரா மாநிலங்களில் நீண்டகாலம் வாழும் வெளிநாட்டவருக்கு மாநில மட்டத்தில் வாக்குண்டு. வேறு சில மாநிலங்களில் ஊராட்சி மட்டத்தில் உண்டு. கூட்டாட்சி மட்டத்தில் யாருக்கும் இல்லை. சமையலறைகளிலும் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் முப்பது ஆண்டு உழைத்தும், மொழித் தேர்வுக்கும் கட்டணத்துக்கும் அஞ்சி ‘சி’ அனுமதியோடு நின்றுவிட்ட பெற்றோர் எங்கள் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களுடைய ஓய்வூதியம், அவர்களுடைய காப்புறுதிக் கட்டணம், அவர்களுடைய வதிவிட உரிமை எல்லாவற்றையும் வாக்குச்சீட்டு தீர்மானிக்கிறது. 2024 மார்ச்சில் பதின்மூன்றாவது மாத முதியோர் ஓய்வூதியம் 58 வீத ஆதரவோடு வென்றபோது, அதனால் பயன்பெறும் எங்கள் பெரியவர்கள் பலருக்கு அதற்கு ஆம் என்று எழுதும் உரிமை இருக்கவில்லை. அவர்களுக்காக எழுதக்கூடியவர்கள் நீங்கள்தான்.

எப்படி வாக்களிக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். இடதா, வலதா, நடுவா என்பது உங்கள் அறிவும் மனச்சாட்சியும். அப்பா சொன்னதற்காகவும் வாக்களிக்காதீர்கள். ஆண்டுக்கு நான்கு தடவை வரை வரும் உறையில் ஒரு சிறிய சிவப்புப் புத்தகம் இருக்கும். அரசின் வாதமும் எதிர்ப்பவரின் வாதமும் இரண்டும் அதில் உண்டு. அந்தப் புத்தகம் கடினமாகத் தோன்றினால், இளையோருக்காகவே எளிய மொழியில் விளக்கும் ஈசிவோட் கையேடு இருக்கிறது. இரண்டையும் மேசையில் வைத்து, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் தமிழில் விளக்கிச் சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் கேள்விகள் உங்களையே திகைக்க வைக்கும்.

வாக்கோடு நின்றுவிடவும் வேண்டாம். இலங்கையில் பிறந்து சிறுமியாக இங்கே வந்த ஃபரா ரூமி 2023 டிசம்பர் முதல் தேசிய சபையில் அமர்ந்திருக்கிறார். பெயரும் நிறமும் தடையாக இருக்கும் என்று உங்களில் சிலர் ஒதுங்குகிறீர்கள். தடை இருக்கும். செம்ப்புக்கும் நோப்ஸுக்கும் டிரைஃபுஸுக்கும் இருந்தது. ஊராட்சிக் கூட்டத்துக்குப் போங்கள். பள்ளிக்கூடக் குழுவில் இடம் காலியானால் பெயர் கொடுங்கள். உங்கள் கருத்துக்கு நெருக்கமான கட்சியின் இளையோர் பிரிவில் சேருங்கள். கையொப்பம் சேர்ப்பவர் தொடருந்து நிலையத்தில் மறித்தால் ஓடாமல் நின்று, என்ன என்று வாசித்துப் பாருங்கள். மூன்றாம் தலைமுறைப் பிள்ளைகள் உங்கள் சுற்றத்தில் இருந்தால், அந்த இலகு வழிக்கு 25 வயது எல்லை உண்டு என்பதை அவர்களுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒன்று. அஞ்சல் வழி வாக்களிக்கும்போது வாக்காளர் அட்டையில் கையொப்பமிட மறந்துவிடாதீர்கள். பெரும்பாலான மாநிலங்களில் கையொப்பமில்லாத அட்டையோடு வரும் வாக்கை எண்ணமாட்டார்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே இந்நாட்டுக்கு வந்த ஒருவர்